மரப்பெட்டிக்குள் ஒரு ரசிகர்



இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் கிரேட் ஃபின்பரோ என்றொரு சிற்றூர். பிபிசி ரேடியோ 1 அறிவிப்பாளர் ஜான் பீல் அங்கேதான் குடியிருந்தார். அந்த வானொலி தொடங்கிய 1967 முதல், 2004 அக்டோபரில் பெரு நாட்டில் மாரடைப்பால் காலமாகும் வரை, 37 ஆண்டுகள் அவர் குரல் அதில் ஒலித்தது. அவர் வீட்டில் சுமார் 26,000 எல்.பி. ரிக்கார்டுகளும் 40,000 சிங்கிள்களும் இருந்தன. அவற்றிலிருந்து 140-க்கும் மேற்பட்ட சிங்கிள்களை மட்டும் எடுத்து ஒரு மரப்பெட்டியில் தனியே வைத்திருந்தார்.

2005-இல் சேனல் 4 தொலைக்காட்சியின் ஆவணப்படம் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டியது. அதிலிருந்த சிங்கிள்களின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கும் ரசிகர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது.

அது எளிய வேலை அல்ல. 7 அங்குல அகலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு: அதுதான் சிங்கிள். சிறிய கம்பெனிகள் சில நூறு பிரதிகள் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். விற்காவிட்டால் மறுபதிப்பு கிடையாது. பாட்டு பிரபலமாகிவிட்டாலோ பெரிய கம்பெனி மறுபடி வெளியிடும். அப்போது முதல் பதிப்பு எது என்று அறிய, பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட சிறு வெளியீடுகளையும் பீல் தேடி ஒலிபரப்பினார். டெர்ரி நகரத்து இளைஞர்களான அண்டர்டோன்ஸ் குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' 1978-இல் பெல்ஃபாஸ்டின் குட் வைப்ரேஷன்ஸ் என்ற சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. பீல் அதை ஒலிபரப்பினார். பாட்டு முடிந்ததும் உடனே மறுபடியும் ஒருமுறை போட்டார். நியூயார்க்கின் லாரி ஆண்டர்சன் பாடிய 'ஓ சூப்பர்மேன்' 8 நிமிடத்துக்கும் மேல் நீளும் விநோதமான பாட்டு. முதலில் சொற்பப் பிரதிகளே அச்சாயின. பீல் அதை எடுத்து ஒலிபரப்பினார். 1981-இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது 2-ஆம் இடத்துக்கு ஏறியது.

இத்தகைய மனிதரின் பெட்டியில் எங்கும் கிடைக்காத தட்டுகள்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் ஷீனா ஈஸ்டன் பாடிய '9 டு 5'-ம் அதில் இருக்கிறது. ஊரெல்லாம் முணுமுணுத்த பாட்டு. பழைய ரிக்கார்டு கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது. பெயரே கேள்விப்படாத குழுக்களின் தட்டுகளோடு அதுவும் சரிசமமாக அமர்ந்திருக்கிறது. எது அரியது, எது மலிவு என்று பீல் பார்க்கவில்லை. மனசுக்குப் பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார். அந்தப் பட்டியலைத் தேடிப் போகிறவருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து இந்தப் பாடம்தான். விலை சந்தையில் ஏறும், இறங்கும். ஒருவர் ஒரு பாட்டை நேசித்துக் கேட்டார் என்பதற்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

பீல் தம் எல்.பி. ரிக்கார்டுகளுக்கு எண் கொடுத்து, அட்டைகளில் விவரம் குறித்து வைத்திருந்தார். அதனால்தான் அவர் சேகரிப்பின் ஒரு பகுதியை 2012-இல் இணையம் வழியாக உலகம் பார்க்க முடிந்தது. குறிப்பு இல்லாத சேகரிப்பு, வைத்திருந்தவர் போனதும் வெறும் சுமையாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ சித்தப்பாவோ வாங்கிய இசைத்தட்டுகள் இருக்கலாம். பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை தூசி தட்டிப் பாருங்கள். எந்த ஊரில், எந்த வருடம், யாருக்காக வாங்கினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள். கேட்டால் சொல்ல அவர்கள் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்