பழைய அலமாரிக்குப் புது வர்ணம்

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. பிரதிவாதி, என் மாமியார் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த மர அலமாரி. "கறுத்துப் போய்விட்டது, பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடலாம்" என்பது என் கட்சி. மாமியார் பதில் பேசவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கத்தில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய பால் கணக்கு, பென்சிலில்! பக்கத்தில், என் கணவர் குழந்தையாக இருந்தபோது அளந்த உயரக் கோடுகள். வழக்கு தள்ளுபடி!

வெளிப்பக்கத்துக்கு மட்டும் சாக் பெயிண்ட் அடிப்பது என்று முடிவாயிற்று. இது 1990-ல் இங்கிலாந்தில் ஆனி ஸ்லோன் என்ற பெண்மணி உருவாக்கிய வர்ணம். பளபளப்பில்லாமல் சாக்குக் கட்டி போல் மிருதுவாகக் காய்வதால் இந்தப் பெயர். பழைய பாலிஷை அடியோடு சுரண்டாமலே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் நமக்குச் சௌகரியம்.

வீட்டிலும் தயாரிக்கலாம். ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தண்ணீரில் கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, மூன்று பங்கு எமல்ஷன் பெயிண்டில் கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகிவிடும், ஆகையால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள்.

சுரண்ட வேண்டாம் என்றதும் கழுவவும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்த வர்ணமும் நிற்காது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். வழவழப்பான இடங்களை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். தேக்கு, ஈட்டி மரங்களின் சாயம் வெளிர் நிறத்தின்மேல் மஞ்சளாகக் கசியும். முதலில் ஷெல்லாக் ஒரு பூச்சுக் கொடுத்தால் அந்தக் கவலை இல்லை. அப்புறம் மெல்லிய பூச்சாக இரண்டு தடவை வர்ணம். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதற்கு அவசரப்படாதீர்கள்.

கடைசியில் மெழுகு. துணியால் மெல்லியதாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்து, மறுநாள் மெருகேற்றுங்கள். அது முழுக்க இறுகச் சுமார் மூன்று வாரம் ஆகும்.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அலமாரி அழகாக அமைந்த உற்சாகத்தில் முக்காலி ஒன்றுக்கும் அதே வைத்தியம் செய்தேன். மறுநாளே அதன்மேல் சூடான காபி டபராவை வைத்தேன். வட்டமாகத் தழும்பு விழுந்துவிட்டது! மெழுகு சூட்டைத் தாங்காது. சாப்பாட்டு மேஜைக்கும் முக்காலிக்கும் மெழுகுக்குப் பதிலாகத் தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ்தான் சரி. மெழுகு தடவியபின் வார்னிஷ் ஒட்டாது, முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்ட் அடித்த தொட்டிலையோ நாற்காலியையோ தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017-ல்தான் அமலுக்கு வந்தது.

எங்கள் அலமாரிக்கு இப்போது வெளியே இளம்பச்சை. உள்ளே அதே பழைய மரம். வர்ணம் உலர்ந்த அன்று மாமியார் பேரனைக் கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்தினார். அப்பாவின் கோடுகளுக்குப் பக்கத்தில் பிள்ளையின் கோடும் ஏறிவிட்டது.