படிக்காதவர்கள் செய்த வேலையா?



ஜூலை 11 வந்தால் எமது முகநூல் முழுக்க ஸ்ரெப்ரெனிகாவின் வெள்ளை மீஸான் கற்கள்தான். படத்தைப் பகிர்கிறோம், துஆ எழுதுகிறோம், அடுத்த நாள் மறந்துவிடுகிறோம். அந்தப் படங்களுக்குக் கீழே ஒரு கொமெண்ட் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வரும். "படிப்பறிவில்லாத காட்டுமிராண்டிகள் செய்த வேலை." நாமும் அதற்கு லைக் போடுகிறோம்.

அது பொய். அதைப் பொய் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாம்.

பில்யானா பிளாவ்சிச் என்ற பெயரை எம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? 1930இல் பொஸ்னியாவின் துஸ்லாவில் பிறந்தவர். உயிரியல் பேராசிரியர். அமெரிக்கப் புலமைப்பரிசில் பெற்று நியூயோர்க்கில் தாவர ஆராய்ச்சி செய்தவர். சரயேவோ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடாதிபதியாக இருந்தவர். அங்கே அவர் முன்னால் உட்கார்ந்து குறிப்பெழுதிய பிள்ளைகளில் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

1990இல் அரசியலுக்கு வந்தார். ரடோவன் கரட்சிச்சின் கட்சி. பொஸ்னியாவின் கூட்டு ஜனாதிபதி சபைக்குச் சேர்பியர்கள் சார்பில் தெரிவானார். 1992 ஏப்ரலில் பியெலினா நகரத்தில் அர்கானின் ஆயுதக் குழு முஸ்லிம்களைத் தெருவில் போட்டுக் கொன்றது. சில நாட்களில் அங்கே போன இந்தப் பேராசிரியர், அர்கானைக் கட்டி முத்தமிட்டுப் பாராட்டினார்.

அதைவிடப் பெரிய காரியத்தைத் தன் பாடத்தை வைத்தே செய்தார். சேர்பியரில் பரம்பரையலகு பழுதான பகுதிதான் இஸ்லாத்தைத் தழுவியது, அந்தப் பழுது தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகிறது என்ற கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். சந்தையில் நிற்கும் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் ஆட்கள் சிரித்திருப்பார்கள். சொன்னவர் உயிரியல் பேராசிரியர். துவக்குத் தூக்கியவனுக்கு, தான் செய்வது கொலையல்ல, ஒரு துப்புரவு வேலை என்று நினைத்துக்கொள்ள அது போதும்.

ஹேக் நகரிலிருந்த சர்வதேச நீதிமன்றம் அவருக்கு 11 வருடச் சிறை விதித்தது 2003 பெப்ரவரி 27இல். மத, இன அடிப்படையில் மக்களைத் துன்புறுத்தி விரட்டிய, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் அது. தண்டனை 1992ஆம் ஆண்டுக் காரியங்களுக்கு. ஸ்ரெப்ரெனிகா நடந்தது 1995இல். ஆனால் 1995 திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பே பிரதேசம் பிரதேசமாக ஊர்கள் எரிந்தன, பள்ளிவாசல்கள் தரைமட்டமாயின. அதை வெளியில் நின்று நியாயப்படுத்திப் பேசிய தலைவர்களில் ஒருவர்தான் இவர்.

"அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாரே" என்று சிலர் எழுதுவார்கள். உண்மைதான், 2002இல் ஒப்புக்கொண்டார். இனப்படுகொலை உட்பட மற்றக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. பிறகு சுவீடன் சிறையிலிருந்து அந்நாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்து, தான் ஒரு தவறும் செய்யவில்லை என்றார். 2009 ஒக்டோபரில், தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கோடு விடுதலையானார். சேர்பியக் குடியரசின் பிரதமர் அரச விமானத்தை அனுப்பி அவரை பெல்கிரேடுக்கு அழைத்து வந்தார். வீடு எரிந்தவர்கள் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விஞ்ஞானத்தின் பெயரால் அவமதிக்கப்படுவது எப்படியிருக்கும் என்று எமக்கும் கொஞ்சம் தெரியும். பொஸ்னியாவோடு அளவில் ஒப்பிட முடியாது, ஒப்பிடவும் கூடாது. ஆனால் 2020இல் எமது ஜனாஸாக்களை எரித்தபோது நிலத்தடி நீர் என்று காரணம் சொன்னவர்கள் படிக்காதவர்களா?

சரி, மற்றவர்களைச் சொன்னது போதும். எமது ஆசிரியர் ஓய்வறையில் நாம் என்ன பேசுகிறோம்? "அந்தச் சனமே அப்படித்தான், அவங்கட ரத்தத்துல ஊறினது" என்று சிங்களவரைப் பற்றியும் தமிழரைப் பற்றியும் தேநீர்க் கோப்பையோடு சொல்வதில்லையா? எமக்குள்ளேயே அடுத்த ஊராரைப் பற்றிச் சொல்வதில்லையா? அறையில் ஒருவராவது "சேர், அது பிழை" என்று சொல்கிறாரா? சொல்லாமல் சிரித்துவிட்டு மணி அடித்ததும் வகுப்புக்குப் போகிறோம். நேரே பிறப்புரிமையியல் பாடம்.

"சேர்பியன் எல்லாம் ஒன்றுதான்" என்று எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஜொவான் திவ்யாக்கைத் தேடிப் படியுங்கள். பெல்கிரேடில் பிறந்த சேர்பியர், இராணுவ அதிகாரி. சரயேவோ முற்றுகையில் அந்த நகர மக்களோடு நின்று பொஸ்னிய இராணுவத்தில் பொஸ்னியாவைக் காத்தார். யுத்தத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் படிக்க வைக்க அமைப்பொன்றை உருவாக்கினார். 2021இல் அந்த நகரத்திலேயே காலமானார். பீடாதிபதி எந்த இனமோ, அந்த இராணுவ அதிகாரியும் அதே இனம். ரத்தத்தில் எழுதியிருந்தால் இருவரும் ஒரே வேலையை அல்லவா செய்திருக்க வேண்டும்?

எம் சமூகத்தில் எந்த மேடையிலும் "படியுங்கள், எல்லாம் சரியாகும்" என்கிறோம். படிக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைக்கு ஒன்பது ஏ எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊர்ப் பிள்ளையும் தன்னைப் போல ஒரு மனுஷப் பிள்ளை என்பதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால், நாம் வளர்ப்பது யாரை?

அடுத்த ஜூலையில் படத்தைப் பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு வகுப்பில் பத்து நிமிடம் எடுத்து இந்தப் பேராசிரியையின் கதையைச் சொல்லுங்கள். "ரத்தம்" என்று ஓய்வறையில் யாராவது தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சொல்கிறவர் எமக்கு மூத்தவராக இருந்தாலும் சரி, அதிபராக இருந்தாலும் சரி.