கையில் வெண்ணெய், நெய்க்கு அலைச்சலா?



ஹைட்ரஜன் சல்பைடு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? அழுகின முட்டை நாத்தமும், லேபில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதும்தான். ஆனால் அந்த நாத்தம் பிடிச்ச வாயுவுக்குள் ஒரு நல்ல எரிபொருள் இருக்கிறது. பெயரிலேயே இருக்கே, ஹைட்ரஜன்! அதை வீணாக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் இந்த வாயு எங்கிருந்து வருது என்று பார்ப்போம். கச்சா எண்ணெயில் கந்தகம் கலந்திருக்கும். அப்படியே எரித்தால் கந்தக டை ஆக்சைடு வரும், அது அமில மழையாகும். அதனால் நம்ம மணலி ஆலை மாதிரி சுத்திகரிப்பு ஆலைகளில், ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி பெட்ரோல், டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு முன்பு பி.எஸ்.4-ல் 50 வரை இருக்கலாம். காற்றுக்கு நல்லதுதான். பிரிந்த கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே வருகிறது.

சரி, செலுத்துற ஹைட்ரஜன் எங்கிருந்து வருது? பெரும்பாலும் மீத்தேன் போன்ற எரிவாயுவை நீராவியோடு சூடாக்கி, நிக்கல் வினையூக்கி மேல் அனுப்பித் தயாரிக்கிறார்கள். சமன்பாட்டைப் போட்டுப் பாருங்கள். 8 கிலோ ஹைட்ரஜனுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு! உலையைச் சூடாக்க எரிக்கிறது தனிக்கணக்கு.

இவ்வளவு செலவு பண்ணிக் கொண்டுவந்த ஹைட்ரஜன் கடைசியில் என்ன ஆகிறது? 1883-ல் கிளாஸ் என்ற வேதியியலார் காப்புரிமை பெற்ற முறையில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய வழியும். ஹைட்ரஜன் சல்பைடில் மூன்றில் ஒரு பங்கை எரித்து, மீதியோடு வினைபுரியவிட்டால் கந்தகம் கிடைக்கும். ஹைட்ரஜன்? தண்ணீராகப் போய்விடும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் இதுதானே?

கிளாஸ் முறையை நான் குறை சொல்லவில்லை. இது உயிரைக் குடிக்கிற வாயு. பாதாளச் சாக்கடையில் இறங்கிய எத்தனையோ தொழிலாளர்களின் உயிரைப் பறித்ததும் இதுதான். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாத்தம் தெரியலைன்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தமில்லை. இதைக் கட்டிப்போட்ட முறைக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டுமா?

தண்ணீரை உடைத்து ஹைட்ரஜன் எடுக்க ஒரு மோலுக்கு 286 கிலோ ஜூல் வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடை உடைக்க அட்டவணைப்படி சுமார் 21 கிலோ ஜூல் போதும். ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு! 34 கிலோவில் 2 கிலோ ஹைட்ரஜன், 32 கிலோ கந்தகம். அந்தக் கந்தகமும் வீணில்லை. உரத்துக்கும் கந்தக அமிலத்துக்கும் வேணும்.

"அவ்வளவு சுலபம்னா ஏன் எல்லாரும் செய்யலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் சூட்டில் உடைத்தால் 1000 டிகிரியிலும் பாதிகூட உடையாது. சமநிலை வந்து நின்றுவிடும். வினையூக்கி சமநிலையைச் சீக்கிரம் கொண்டுவருமே தவிர, அதை நகர்த்தாது. இது நம்ம பாடத்திலேயே இருக்கு. உண்டாகும் ஹைட்ரஜனையோ கந்தகத்தையோ உடனுக்குடன் பிரித்தால்தான் வினை மேலே போகும். இன்னொரு தொல்லை, நிக்கல், பிளாட்டினம் போன்ற உலோகங்கள்மேல் கந்தகம் ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்யும். அதனால்தான் மாலிப்டினம் சல்பைடு போல, ஏற்கெனவே கந்தகத்தோடு பழகின சேர்மங்களைத் தேடுகிறார்கள்.

2022-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலாஸ், பீட்டர் நார்ட்லாண்டர் குழுவினர் வேறு வழி காட்டினார்கள். சிலிக்கா தூள்மேல் தங்க நுண்துகள்கள். ஒவ்வொன்றும் சுமார் 10 நானோமீட்டர். அதன்மேல் ஒளி பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரே படியில் உடைந்தது. உலை தேவையில்லை. ஆய்வுக்கூட அளவில்தான், ஆனாலும் பெரிய விஷயம்.

என் கருத்து இதுதான். முழுசா உடைத்தால்தான் உண்டு என்று காத்திருக்க வேண்டாம். கிளாஸ் உலைக்கு முன்னால் ஒரு சின்ன பிரிப்பு அமைப்பு வைத்தால் என்ன? நூற்றுக்கு 30 உடைந்தால்கூட லாபம்தான்; மிச்சம் 70 வழக்கம்போல கிளாஸுக்கே போகட்டும். பிரித்த ஹைட்ரஜன் பக்கத்திலேயே கந்தகம் நீக்கத் திரும்பப் பயன்படும். லாரியில் ஏற்றிப் போகவும் வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அதை உடைக்கிற சூட்டுக்கு எரிவாயுவையே எரித்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சூரிய ஒளியோ, வீணாகிற உலைச்சூடோ பயன்பட்டால்தான் 'சுத்தமான ஹைட்ரஜன்' என்று சொல்லும் தகுதி அதற்கு உண்டு.

"பெட்ரோலே ஒருநாள் போயிடும், இது எதுக்கு?" என்பார்கள் சிலர். போகட்டும், சந்தோஷம். ஆனால் போகிற நாள் வரைக்கும் தினமும் கொட்டுகிறோமே, அதற்கு யார் பதில் சொல்வது?

நாத்தம் என்று மூக்கைப் பொத்தலாம். மூளையையும் சேர்த்துப் பொத்தலாமா? சிந்திப்போம்!

— பன்னிரண்டாம் வகுப்பு, 'அ' பிரிவு