தள்ளுபடிக்காக வாங்காதீர்கள், தேவைக்காக வாங்குங்கள்

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் பெரம்பலூரில் எனக்குத் தெரிந்தவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "சார், ஸ்கிரீனை முழுசா பின்னால திருப்புற லேப்டாப் பாதி விலைக்கு வருதாம், வாங்கலாமா?" ஆபீஸ் வேலைக்கும் ஆகும், படம் பார்க்கவும் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. என் பதில் எப்போதும் ஒன்றுதான். திருப்பிப் பயன்படுத்தும் வேலை உங்களுக்கு இருந்தால் வாங்குங்கள். தள்ளுபடி மட்டுமே காரணம் என்றால் வேண்டாம்.

நம் பகுதியில் பல வீடுகளுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டர், 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த இலவச லேப்டாப்தான். அதில் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டோம். இப்போது வாங்குவது சொந்தப் பணத்தில். மக்காச்சோளமோ சின்ன வெங்காயமோ விற்ற காசு, அல்லது மாதத் தவணை. எனவே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

இந்த வகை லேப்டாப்பைக் கன்வெர்டிபிள் என்பார்கள். இது புதிய விஷயம் அல்ல. மைக்ரோசாப்ட் 2002-லேயே டேப்லட் பிசிக்கென்று தனி விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பை வெளியிட்டது. அப்போது வந்த கன்வெர்டிபிள்களில் நடுவில் இருந்த ஒற்றைக் கீலில் திரை சுழலும். 2012-ல் லெனோவோவின் யோகா 360 டிகிரி திரும்பும் கீலுடன் வந்தது. இன்று கடைகளில் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

முதலில் தள்ளுபடிக் கணக்கைப் பார்ப்போம். எம்.ஆர்.பி. 80,000 ரூபாய், தள்ளுபடி 35 சதவீதம் என்றால் விலை 52,000. 28,000 ரூபாய் மிச்சம் என்று மனம் குதிக்கும். ஆனால் எம்.ஆர்.பி. என்பது விற்கக்கூடிய உச்ச விலைதான், வழக்கமான விற்பனை விலை அல்ல. நீங்கள் ஒப்பிட வேண்டியது வேறு. அதே பிராசசர், அதே ராம், அதே எஸ்.எஸ்.டி. கொண்ட சாதாரண லேப்டாப் என்ன விலை? அது 44,000 என்றால், கீலுக்கும் தொடுதிரைக்கும் நீங்கள் தரும் விலை 8,000 ரூபாய். அந்த 8,000 உங்களுக்குப் பயன்படுமா என்பதே கேள்வி.

யாருக்குப் பயன்படும்? திரையில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டும் ஆசிரியர், படம் வரைபவர், கூட்டங்களில் கையால் குறிப்பெடுப்பவர், நின்றபடியே வாடிக்கையாளருக்குத் திரையைத் திருப்பிக் காட்டுபவர். இவர்கள் தயங்காமல் வாங்கலாம். பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். டைப் அடிப்பது, டேலி, மெயில், மாலையில் ஒரு படம் என்பவர்களுக்குச் சாதாரண லேப்டாப்பே போதும். டேப்லட் போலக் கையில் பிடித்துப் படிக்கலாம் என்பார்கள். ஒன்றரைக் கிலோ எடையைப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், கை பதில் சொல்லிவிடும்.

அடுத்தது, உள்ளே என்ன இருக்கிறது? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசசர் கொண்ட மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். அப்டேட்டுகளே இடத்தை நிரப்பிவிடும். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. குறைந்தபட்சம் வேண்டும். பல கன்வெர்டிபிள்களில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. படம் பார்க்க 1920x1080 ஐபிஎஸ் திரை நல்லது. குடும்பமாக உட்கார்ந்து பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது.

இனி நம் ஊர் விஷயம். அரியலூர் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் உள்ள ஊர். தூசிக்குப் பஞ்சமில்லை. திரையைப் பின்னால் மடித்து நிறுத்தும்போது சில நிலைகளில் கீபோர்டு மேஜையில் கவிழ்ந்து படுக்கும். மேஜைத் தூசி நேராகக் கீகளுக்குள் போகும். எனவே அடியில் ஒரு துணியை விரியுங்கள். தொடுதிரையைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சர்வீஸ். தொடுதிரையில் மேல் கண்ணாடியும் டிஸ்பிளேயும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டியே வரும். கண்ணாடி மட்டும் உடைந்தாலும் முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருக்கும். சாதாரண வாரண்டி கீழே விழுந்து உடைவதை ஏற்காது. பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். சர்வீஸ் சென்டருக்கு இரண்டு முறை அலைந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் தள்ளுபடியைத் தின்றுவிடும். எனவே பணம் கட்டும் முன் வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் ஆன்சைட் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று கேளுங்கள். பெரம்பலூர் 621212, அரியலூர் 621704. "தமிழ்நாடு முழுவதும் உண்டு" என்ற பதில் போதாது. எழுத்தில் வாங்குங்கள். விபத்துச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பு கிடைத்தால், மிச்சமான தள்ளுபடிப் பணத்தை அதில் போடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினாலும், முடிந்தால் அதே மாடலை ஒரு கடையில் திருப்பிப் பாருங்கள். கீல் தளர்ந்து ஆடக்கூடாது. திரையைத் தொட்டால் பின்னால் சாயக்கூடாது. பெட்டியைப் பிரிப்பதைச் செல்போனில் வீடியோ எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். குறை இருந்து விற்றவர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

சலுகை இன்று இரவோடு முடிகிறது என்று விளம்பரம் அவசரப்படுத்தும். அவசரம் அவர்களுக்கு, பணம் உங்களுக்கு. ஒரு தாளை எடுத்து, திரையைத் திருப்பி நீங்கள் செய்யப்போகும் மூன்று வேலைகளை எழுதுங்கள். எழுத முடிந்தால் ஆர்டர் போடுங்கள். முடியவில்லை என்றால் சாதாரண லேப்டாப்பை வாங்கி, மீதிப் பணத்தில் ராமைக் கூட்டிக்கொள்ளுங்கள்.