ஜெனிவா இருக்கையும் அரச அங்கீகாரமும்: ‘கைலாசா’ விவகாரம் சொல்வது என்ன?

2023 பெப்ரவரியில் ஜெனிவாவில் நடைபெற்ற இரண்டு ஐ.நா. குழுக்களின் அமர்வுகளில், ‘கைலாசா’ நாட்டின் பிரதிநிதிகள் எனத் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டோர் பங்குபற்றினர். அந்தப் படங்கள் பரவியதும், நித்தியானந்தாவின் நாட்டை ஐ.நா. அங்கீகரித்துவிட்டதா என்ற கேள்வி எழுந்தது.

இல்லை என்பதே பதில். அவை எவரும் பதிவுசெய்து கலந்துகொள்ளக்கூடிய பொதுக் கலந்துரையாடல்கள். கைலாசா தரப்பின் கருத்துகள் பேசுபொருளுக்குத் தொடர்பற்றவை, அவை கவனத்தில் எடுக்கப்படமாட்டா என ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் அறிவித்தது. ஐ.நா.வில் ஓர் அரசு உறுப்புரிமை பெற, பாதுகாப்புச் சபையின் பரிந்துரையும் பொதுச்சபையின் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும் வேண்டும். அந்த முடிவு நியூயோர்க்கில் எடுக்கப்படுவது.

பாலியல் வன்புணர்வு வழக்கை எதிர்கொண்டிருந்த நித்தியானந்தா 2019இல் இந்தியாவை விட்டு வெளியேறிய பின்னரே கைலாசா பற்றிய அறிவிப்பு வந்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்து வந்தார். தென்னமெரிக்காவில் அவர் தீவு வாங்கத் தாம் உதவியதாக வந்த செய்தியை ஈக்குவடோர் மறுத்தது. நிரந்தர மக்கள், வரையறுக்கப்பட்ட நிலம், அரசாங்கம், பிற அரசுகளுடன் உறவு பேணும் ஆற்றல் என 1933ஆம் ஆண்டின் மொன்ரிவிடியோ உடன்படிக்கை ஓர் அரசுக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது. கைலாசாவிடம் இருந்ததோ கடவுச்சீட்டும் கொடியும் இணையத்தளமும்தான்.

ஆகவே அது கையொப்பங்களைத் தேடியது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் நகரம் ‘சகோதர நகர’ ஒப்பந்தம் செய்து, சில நாட்களிலேயே இரத்துச் செய்தது. அதே ஆண்டில் பரகுவேயின் விவசாய அமைச்சு அதிகாரி ஒருவர் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டுப் பதவியிழந்தார்.

இவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். பொலிவியாவில் நடந்ததை அப்படிக் கடக்க முடியாது. அங்கே அமேசன் பகுதியின் பவுரே பழங்குடியினருடைய நிலத்தை 1,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் 2025இல் அம்பலமானது. கைலாசாவுடன் தொடர்புடைய 20 பேர் கைதாகி நாடு கடத்தப்பட்டனர். நிலமில்லாத ‘நாடு’ ஒன்று, நிலமே வாழ்வாகக் கொண்ட, அரச பலமற்ற மக்களிடமே போய் நின்றது.

எமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். உள்நாட்டில் நீதி கிடைக்காத நிலையில் அவர்களுக்குத் திறந்திருக்கும் சில கதவுகளில் ஜெனிவாவும் ஒன்று. வேடிக்கைப் பிரதிநிதிகளால் பதிவு விதிகள் இறுகினால், அடிபடப்போவது உண்மையான சாட்சிகளே.

அதேவேளை, எமது தரப்பிலிருந்து வரும் ஜெனிவாப் படங்களையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். பிரதான அமர்வில் பேசியதும் பக்க அறையில் நடந்த கூட்டமும் ஒன்றல்ல. இரண்டும் தீர்மானமும் ஒன்றல்ல. 2021இன் 46/1 தீர்மானம் ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறையை உருவாக்கியது. அது படமல்ல, பணி. ஜெனிவா சென்று திரும்புவோரிடம் மக்கள் கேட்க வேண்டியவை மூன்று: எந்த அமர்வில் பேசினீர்கள்? அங்கு என்ன முடிவெடுக்க முடியும்? எந்த ஆவணத்தைக் கையளித்தீர்கள்?