இரவுப்பணிக்குத் தனிச் சம்பளம் வேண்டும்

பிரிட்டனில் கால்நடை மருத்துவரின் வருமானத்தை ஆண்டுச் சம்பளத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. அந்தச் சம்பளத்துக்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்தவருக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது.

அந்நாட்டின் கால்நடை மருத்துவம் வெளியிலிருந்து வருவோரை நம்பியே நடக்கிறது. இறைச்சிக்கூடங்களை மேற்பார்வையிடும் மருத்துவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயின், ருமேனியா போன்ற நாடுகளில் படித்தவர்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின் அந்த வரத்து சரிந்தது. 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து 1,132 பேர் புதிதாகப் பதிவு செய்தனர். 2021-இல் வந்தவர்கள் 364 பேர்தான். இந்தியப் பட்டதாரிக்குப் பாதை எப்போதுமே நீளம். சென்னை வேப்பேரிக் கல்லூரியில் படித்தவரானாலும், லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி என்ற பதிவு அமைப்பு நடத்தும் தேர்விலும் ஆங்கிலத் தேர்விலும் தேறியாக வேண்டும். படிப்புக்கால வருமான இழப்பையும் தேர்வுக் கட்டணத்தையும் பெரும்பாலும் அவரே சுமக்கிறார்.

வேலையில் சேர்ந்தபின் எழுவதுதான் இரவுப்பணிச் சிக்கல். நோயுற்ற விலங்குக்கு 24 மணி நேரமும் அவசர முதலுதவியும் வலிநிவாரணமும் கிடைக்க ஏற்பாடு செய்வது மருத்துவரின் கடமை என்கிறது அந்த அமைப்பின் நடத்தை விதி. நல்ல விதி, நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசு விடியும்வரை காத்திருக்காது. நகர மருத்துவமனைகள் இந்தப் பொறுப்பை இரவுச் சிகிச்சைக்கென்றே இயங்கும் நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. பண்ணைகளும் குதிரைகளும் நிறைந்த கிராமப்புறத்தில் பகலில் உழைத்த அதே மூன்று, நான்கு பேரே முறைவைத்து இரவிலும் போகிறார்கள். செம்மறிகள் குட்டி ஈனும் வசந்தகாலத்தில் தூக்கம் என்பதே அரிது.

1998-ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம், நாளுக்கு 11 மணி நேர ஓய்வு, ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுப்பு ஆகியவற்றை உறுதி செய்கின்றன. ஆனால் 48 மணி வரம்பை ஊழியர் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கலாம். தொலைபேசியை அருகில் வைத்தபடி வீட்டில் காத்திருக்கும் நேரம் பொதுவாக வேலைநேரத்தில் சேராது. அழைப்பு வந்து கிளம்பினால்தான் சேரும். ஓர் உதாரணக் கணக்கு: ஆண்டுச் சம்பளம் 40,000 பவுண்ட், வாரம் 40 மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 19 பவுண்ட். அதே சம்பளத்துக்கு வாரம் 55 மணி நேரம் உழைத்தால் 14 பவுண்ட். 2025 ஏப்ரல் நிலவரப்படி சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியே 12.21 பவுண்ட். பல ஆண்டுகள் படித்துவந்த மருத்துவர் அந்தக் கூலிக்கு இவ்வளவு அருகில் நிற்பது பெரும் அநீதி.

உள்ளூர் மருத்துவர் வேறு மருத்துவமனைக்கு மாறிவிடுவார். விசாவில் இருப்பவர் அப்படி எளிதில் மாற முடியாது. புதிய முதலாளிக்கு விசா ஆதரவு தரும் உரிமம் இருக்க வேண்டும். புதிய விண்ணப்பமும் தேவை. வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம்தான். 2024 ஏப்ரலில் திறன்பணி விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கு உயர்ந்தது. 2025 ஜூலையில் 41,700 ஆனது. சம்பளம் உயர்ந்தது நல்லதே. ஆனால் ஒருவர் வாரத்தில் எத்தனை இரவு எழுப்பப்படுவார் என்று விசா விதி கேட்பதில்லை.

களைப்பின் விலை பணத்தோடு நிற்பதுமில்லை. பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட மூன்று மடங்குக்குக் குறையாது என ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குடும்பத்தைப் பிரிந்து, தொலைவான கிராமத்தில் தனித்து வேலை செய்பவருக்கு ஓய்வு உயிர்ப் பாதுகாப்பு.

இரவுச் சேவையைக் கடமையாக்கிய அமைப்புக்கே, அந்தச் சேவை எந்த நிபந்தனையில் நடக்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் உண்டு. காத்திருக்கும் இரவுக்கு ஒரு தொகை, ஒவ்வோர் அழைப்புக்கும் தனித் தொகை, இரவில் உழைத்தால் மறுநாள் காலை ஓய்வு ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வெளிநாடு செல்ல ஆயத்தமாகும் கால்நடை மருத்துவர்கள் சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பெற்று, அதன்பிறகே கையெழுத்திடட்டும்.