முகவரி சொல்ல மறுத்தால்...

குழந்தைகளே! ஓர் இணையதளத்தின் பெயரை டைப் செய்கிறீர்கள். கண் இமைப்பதற்குள் பக்கம் திறந்து விடுகிறது. அந்தச் சிறு நேரத்துக்குள் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் உங்களுக்காக முகவரி தேடிக் கொடுக்கிறது. அது முகவரி தர மறுத்தால் என்ன ஆகும்? ஒரு நாட்டில் அப்படித்தான் நடந்தது. அதை இந்த வாரம் பார்ப்போமா?

இன்டர்நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. நமக்கோ எண்களைவிடப் பெயர்களை நினைவில் வைப்பது எளிது. ஆரம்ப நாட்களில், அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாப் பெயர்களையும், அவற்றின் எண்களையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருந்தனர். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது போதவில்லை. 1983ம் ஆண்டில் பால் மோக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி புதிய முறை ஒன்றை வடிவமைத்தார். அதுதான் டி.என்.எஸ்., நாம் பெயரைக் கொடுத்தால், எண்ணைத் தேடித் தரும் முறை.

பெரும்பாலும், நமக்கு இணைப்பு தரும் நிறுவனமே இந்த வேலையையும் செய்கிறது. விரும்பினால் வேறு நிறுவனத்திடமும் கேட்கலாம். கூகுள் நிறுவனம் 2009ல் இப்படி ஓர் இலவச சேவையைத் தொடங்கியது. அதன் எண் 8.8.8.8.

இதைத் தபால்காரரோடு ஒப்பிடலாம். புது ஊருக்குப் போகிறீர்கள். நண்பன் வீடு எங்கே என்று அங்குள்ள தபால்காரரிடம் கேட்கிறீர்கள். 'அப்படி யாருமே இந்த ஊரில் இல்லை' என்கிறார் அவர். வீடு இருக்கிறது; நண்பனும் இருக்கிறான். ஆனால், உங்களால் போக முடியாது. டி.என்.எஸ்., மூலம் இணையதளத்தைத் தடுப்பதும் இப்படித்தான்.

இப்போது துருக்கிக்குப் போவோம். 2014 மார்ச் மாதம். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்தது. அரசில் ஊழல் நடப்பதாகக் குற்றம் சாட்டும் ஒலிப்பதிவுகள் ட்விட்டரில் (இன்று அதன் பெயர் எக்ஸ்) பரவின. அப்போதைய பிரதமர் எர்டோகன், ட்விட்டரை ஒழித்து விடுவேன் என்று தேர்தல் கூட்டத்தில் பேசினார். மார்ச் 20ம் தேதி இரவு ட்விட்டர் தடுக்கப்பட்டது. இணைப்பு தரும் நிறுவனங்கள் அதன் முகவரியைச் சொல்லவில்லை.

மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? '8.8.8.8' என்று தெருச் சுவர்களில் எழுதி வைத்தனர். 'இந்தத் தபால்காரர் சொல்லாவிட்டால், வேறு ஒருவரைக் கேளுங்கள்' என்று அதற்கு அர்த்தம். அரசும் விடவில்லை. ட்விட்டரின் எண் முகவரிகளையே அடுத்து தடுத்தது. மாத இறுதியில் இன்னொரு விஷயம் வெளியானது. கூகுளிடம் மக்கள் கேட்ட கேள்விகளைத் துருக்கி நிறுவனங்கள் நடுவிலேயே மறித்து, கூகுள் போல் நடித்துப் பதில் சொல்கின்றன என்று கூகுள் அறிவித்தது. தபால்காரரின் சட்டையைப் போட்டுக் கொண்டு வேறொருவர் வந்து நிற்பது போல!

ஏப்ரல் 2ம் தேதி, துருக்கியின் அரசியல் சட்ட நீதிமன்றம், 'இந்தத் தடை கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது' என்று தீர்ப்பளித்தது. மறுநாள் தடை நீங்கியது. ஆனால், அதற்குள் தேர்தல் முடிந்து விட்டது!

அப்படியானால் எல்லாத் தடையும் தவறா? இல்லை. பணத்தைத் திருடும் போலி இணையதளங்கள் உண்டு. சிறுவர்கள் பார்க்கக் கூடாதவையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் உள்ள குவாட் நைன் என்ற அமைப்பின் சேவை எண் 9.9.9.9. ஆபத்தான தளங்களின் முகவரியை அது தராது. அந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் மக்கள் அதைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

அதே குவாட் நைனுக்கு 2021ல் ஒரு சோதனை வந்தது. அனுமதியின்றிப் பாடல்களை எடுக்க வழிகாட்டிய ஒரு தளத்தின் முகவரியைத் தரக் கூடாது என்று சோனி மியூசிக் நிறுவனம் ஜெர்மனியில் வழக்குப் போட்டது. ஹாம்பர்க் நீதிமன்றம் சோனிக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 'திருடியது நாங்களில்லை, முகவரி மட்டும்தானே சொல்கிறோம்?' என்று வாதாடியது குவாட் நைன். 2023 டிசம்பரில் டிரெஸ்டன் மேல் நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது.

பாடலை உருவாக்கியவருக்கு உரிமை உண்டு, சந்தேகமில்லை. ஆனால், முகவரியை மறைத்தால் திருட்டு நின்றுவிடுமா? வீடு அங்கேயேதான் இருக்கும். இன்று ஒரு நிறுவனத்துக்காக மறைத்தால், நாளை இன்னொருவர் வேறு காரணத்தோடு வருவார். கவலை அதுதான்.

எனவே, ஒரு தடையைப் பற்றிக் கேள்விப்பட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள். தடுக்கச் சொன்னது யார்? காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்களா? தவறு நடந்தால் முறையிட வழி உண்டா? மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்தால், அது பாதுகாப்பாக இருக்கலாம். பதிலே இல்லையென்றால், அது வாய்ப்பூட்டு!

அப்புறம் ஒன்று... வீட்டில் அம்மா, அப்பா போட்டு வைத்த தடையை உடைக்க இந்தக் கட்டுரையைச் சாக்காகக் காட்டாதீர்கள்! அங்கேயும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அவர்களிடம் பதில் இருக்கும்.